அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் வாசிக்கிறவர்

பெப்ரவரி 4, செவ்வாய்

காலையில் ஹிலரி தொலைபேசியில் கூப்பிட்டாள். ஹிலரி என் ஏஜென்ட். அவள் கூப்பிட்டால் வேலை இருக்கிறது, ஈமெயில் போட்டால் வேலை இல்லை. இந்தச் சின்ன சட்டத்தைக் கண்டுபிடிக்கவே எனக்குப் பல வருஷம் பிடித்தது. அதனால் அடுப்பில் பருப்பு பொங்க நின்றபடியே எடுத்துவிட்டேன்.

"தவமணி, உட்கார்ந்திருக்கிறாயா?" என்று கேட்டாள். இந்த ஊரில் ஒருவர் இப்படிக் கேட்டால் ஒன்று செத்த வீடு, இல்லாவிட்டால் பெரிய வேலை. செத்த வீட்டுக்கு அவள் குரல் பொருந்தவில்லை.

ஒரு படம். ஃபோக்ஸ்டனில், கடற்கரையோரம், சின்ன விடுதி ஒன்றை நடத்தும் வயதான தமிழ்த் தம்பதியின் கதை. கணவர் அதிகம் பேசமாட்டார். எல்லாவற்றையும் மனைவிதான் பேசுவாள். படம் முழுக்க அவள் வருகிறாள்.

"அவளுக்குப் பெயர் இருக்கிறதா?" என்றேன்.

"பூரணம்" என்றாள் ஹிலரி. பாவம், அந்தப் பெயரைச் சொல்வதற்குள் அவள் நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தது.

நாற்பது வருஷமாக இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் நடிக்கிறேன். தாதி. இரண்டாவது தாதி. கடைக்காரி. பஸ்ஸில் பையோடு இருக்கும் பெண். பொலிஸ் வந்து கதவைத் தட்டியதும் அழுகிற அம்மா. பெயர் வைத்தால் மிஸஸ் பட்டேல், இல்லையென்றால் மிஸஸ் கான். ஒரு தடவையாவது எங்கள் ஊர்ப் பெயரொன்றை எனக்கு யாரும் வைத்ததில்லை.

எனக்கு இந்தப் பாத்திரம் வேண்டும். இதை இங்கே எழுதி வைக்கிறேன். கிடைக்காமல் போனால், "நான் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை" என்று பிறகு எனக்கே பொய் சொல்லிக்கொள்வேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

மத்தியானம் என் கணவர் கையிலிருந்து ஒரு கப் விழுந்து உடைந்தது. பூப்போட்ட செட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் கப். போகட்டும், பழசு.

பெப்ரவரி 6, வியாழன்

முன்பெல்லாம் நடிகர் தேர்வுக்கு நேரில் போக வேண்டும். நல்ல சேலை, ரயில், வரவேற்பறையில் என்னைப் போலவே உடுத்திக்கொண்டு இருக்கும் நாலைந்து மிஸஸ் பட்டேல்கள். இப்போது வீட்டிலேயே ஃபோனில் பதிவு செய்து அனுப்பினால் போதும். ஸ்திரி போடும் பலகையை விரித்து, அதன்மேல் புத்தகங்களை அடுக்கி, ஃபோனைச் சாய்த்து வைத்தேன். பின்னால் நீலப் படுக்கை விரிப்பு. நான் மட்டும் படத்தில் தெரிவேன். எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தை யாராவது தள்ளி இருந்து வாசிக்க வேண்டும்.

அந்த யாராவது எப்போதும் இவர்தான். என் கணவர் கடாட்சம். ஓய்வு பெறும்வரை விலாசம் பார்த்துத் தபால் பிரிக்கும் வேலை பார்த்தவர். எழுதியிருப்பதில் ஓர் எழுத்தையும் விடாமல் வாசித்துப் பழகிய மனிதர். அதனால் வசனத்தை மட்டும் வாசிக்க இவருக்குத் தெரியாது. அடைப்புக்குறிக்குள் நடிகருக்காக எழுதியிருக்கும் குறிப்பையும் சேர்த்து வாசித்துவிடுவார்.

நான் என் வசனத்தை உருகிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடுவில் இவர், விலாசம் வாசிக்கிற அதே குரலில், "அவள் உட்காருகிறாள்" என்கிறார், ஆங்கிலத்தில்.

"என்னப்பா, உதை ஏன் வாசிக்கிறியள்?"

"எழுதிக் கிடக்கு."

"அது நான் செய்யிறதுக்கு. நீங்கள் வாசிக்கிறதுக்கில்லை."

"நீ செய்வியோ மாட்டியோ எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? வாசிச்சால்தானே செய்வாய்."

இத்தனை வருஷமும் இதே சண்டைதான். இவர் "அவள் அழுகிறாள்" என்று வாசித்ததும் அழுகை போய்ச் சிரிப்பு வந்து, எத்தனை பதிவுகள் வீணாகியிருக்கின்றன!

இன்று வேறொரு தொந்தரவு. பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டால், இவர் பேசும் இடமெல்லாம் தாள் சரசரக்கிறது. "தாளைக் கையிலை பிடிக்காமல் மேசையிலை வச்சு வாசியுங்கோ. யன்னல் காத்துக்கு அடிக்குது" என்றேன். யன்னல் பூட்டித்தான் இருந்தது. இவர் யன்னலைப் பார்த்தார், பிறகு தாளை மேசையில் வைத்தார். அதன்பிறகு சத்தம் இல்லை.

நல்லாகவே வந்தது. ஒரு "அவள் திரும்பிப் பார்க்கிறாள்" மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. அதை வெட்டினால் என் நல்ல இடமும் போய்விடும் போல இருந்தது. விட்டுவிட்டேன்.

பெப்ரவரி 7, வெள்ளி

அனுப்பியாயிற்று. இனி மறந்துவிட வேண்டும். பயறு ஊறப்போட்டேன்.

பெப்ரவரி 12, புதன்

மறக்கவில்லை.

பெப்ரவரி 20, வியாழன்

மழை. ஹிலரியிடமிருந்து அழைப்பும் இல்லை, ஈமெயிலும் இல்லை. என் சட்டத்தில் இதற்கு இடம் இல்லை.

சும்மா இருக்கும்போது பழசெல்லாம் நினைவுக்கு வருகிறது. கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு ஸ்டுடியோவின் கன்டீனில் வேலை செய்தேன். ஒரு நாள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் போனபோது ஒருவர் ஓடிவந்து, "இதேபோல அந்தக் கமராவுக்கு முன்னால் நடந்து போகமுடியுமா?" என்று கேட்டார். நடந்தேன். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த கதைதான், ஆனால் குறுக்கே போனவள் நான். அன்றிலிருந்து குறுக்கே போய்க்கொண்டே இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். நல்ல வெளிச்சமும் முகமும் நட்சத்திரங்களுக்குப் போய்விடும். எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது கை. அதனால் எந்தப் பாத்திரம் வந்தாலும் அவள் கையில் என்ன வேலை என்றுதான் முதலில் யோசிப்பேன். கடைக்காரி என்றால் பேசிக்கொண்டே ரசீதை நாலாக மடிப்பாள். தாதி என்றால் பேனாவின் மூடியைத் தேடுவாள். ஒருமுறை பொலிஸ் கதவைத் தட்டிய அம்மாவாக, மா பிசைந்த கையோடு போய்த் திறந்தேன். அழவில்லை. அந்த மாவை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நின்றேன். பத்திரிகையில் அந்தக் காட்சியைப் பற்றி ஒரு வரி வந்தது. என் பெயரைப் பிழையாகப் போட்டிருந்தார்கள். ஆனாலும் வெட்டி வைத்திருக்கிறேன்.

ரயிலில், கடையில், ஆஸ்பத்திரியில், எங்கே இருந்தாலும் ஆட்களின் கையைத்தான் பார்ப்பேன். தொழில் பழக்கம்.

இவருக்கு இரண்டு கம்பளி மேற்சட்டை வாங்கினேன், தலையால் போடுகிறவை. பொத்தான் வைத்த சட்டை என்றால் காலையில் நேரம் போகிறது. வயதும் போகிறதுதானே.

பெப்ரவரி 28, வெள்ளி

கூப்பிட்டாள்! அடுத்த வாரம் இயக்குநர் ஃபிரெயாவை நேரில் பார்க்க வேண்டும். சந்தோஷத்தில் எல்லா லைட்டையும் போட்டுவிட்டேன். இவர் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக அணைத்தார்.

"ஒன்று கேட்க மறந்தேன். உனக்கு எதிர் வசனம் வாசித்தது யார் என்று ஃபிரெயா கேட்கிறாள்" என்றாள் ஹிலரி.

"என் கணவர். குறிப்பை வாசித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லு."

மார்ச் 5, புதன்

இயக்குநர் ஃபிரெயாவுக்கு என் மகளைவிட வயது குறைவு. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்த் தம்பதி இருந்தார்களாம், அவர்களை நினைத்துத்தான் எழுதினாளாம். அந்த அம்மா தந்த வடையைப் பற்றி எவ்வளவோ நேரம் பேசினாள். நான் வாசித்துக் காட்டினேன். நன்றாக வாசித்தேன், எனக்கே தெரியும். அவள் கண்ணைத் துடைத்தாள்.

பிறகு சொன்னாள்: "உங்கள் கணவரின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர்தான் இந்தக் கணவர். நிஜமான தம்பதி வேண்டுமென்று முதலிலிருந்தே ஆசைப்பட்டேன். அவரை அழைத்து வருவீர்களா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வரும் வழியில் ரயிலில் நினைத்துக்கொண்டு வந்தேன். நாற்பது வருஷம் மழையிலும் குளிரிலும் நின்று, தட்டுத் தூக்கி, செத்த பிள்ளைகளுக்கெல்லாம் அழுது நான் வந்த இடத்துக்கு, இந்த மனிதர் சோபாவில் இருந்தபடி "அவள் உட்காருகிறாள்" என்று சொல்லி வந்துவிட்டார். எனக்குப் பொறாமை. இங்கே எழுதுவதால் யாருக்கும் நட்டமில்லை.

மார்ச் 6, வியாழன்

சொன்னேன். இவர் இடியப்பத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு உது சரிவராது."

"ஏன் சரிவராது? படத்திலை அந்த மனுசன் வாயே திறக்கிறேல்லை. வீட்டிலை செய்யிறதைத்தான் அங்கையும் செய்யப்போறியள்."

"சரிவராதெண்டால் சரிவராது, தவம். கமராவுக்கு முன்னாலை போய் நிக்க எனக்கு ஏலாது."

ஹிலரியைக் கேட்டேன், இவர் இல்லாமல் நான் மட்டும் என்றால் நடக்குமா என்று. அவள் சுற்றி வளைத்து, என்னைப் புகழ்ந்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தாள். லெஸ்டரில் ஒரு தம்பதி இருக்கிறார்களாம், இருவரும் நடிகர்கள். இவர் மறுத்தால் ஃபிரெயா அவர்களைத்தான் எடுப்பாள். மாத முடிவுக்குள் பதில் வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பருப்புக்கு உப்புப் போட மறந்தது வேறு கதை. இவர் உப்பில்லாத பருப்பை முழுவதும் சாப்பிட்டுவிட்டு, "நல்லாயிருக்கு" என்றார். அதுதான் கோபத்தைக் கிளப்பியது.

மார்ச் 10, திங்கள்

குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும் நாள். வைத்தேன். பேச்சு இல்லை.

மார்ச் 15, சனி

ஆரணி வந்தாள். எங்கள் ஒரே மகள், ரெடிங்கில் மருந்தகத்தில் வேலை. இறால் பொரித்தேன். சாப்பிட்டு முடிந்து குசினிக்குள் என் பின்னால் வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, அப்பாவின்ரை வலக்கையைக் கவனிச்சனீங்களோ?"

"கைக்கு என்ன?"

"கரண்டியாலை சாப்பிடுறார். இறாலைக் கரண்டியாலை ஆர் சாப்பிடுவினம்? வலக்கையை மேசைக்குக் கீழை வச்சிருக்கிறார். ஏன் அவருக்கு மட்டும் அரைக் கப் தேத்தண்ணி ஊத்துறியள்?"

"கனக்கக் குடிச்சால் ராவிலை நித்திரை வராது. நீ உந்தத் தட்டைத் துடை."

எல்லாரையும் நோயாளியாகப் பார்ப்பது அவள் தொழில். எனக்கென்ன, நான் கையைப் பார்த்துப் பிழைத்தவள், எனக்குத் தெரியாததா?

போகும்போது அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. இறால் மணம் அடித்திருக்கும், பாவம்.

மார்ச் 22, சனி

ஹாரோவில் ஒரு கல்யாணம். கோட்டும் முழுக்கைச் சட்டையும் போடத்தான் வேண்டும். கட்டிலோரத்தில் இருந்து மணிக்கட்டுப் பொத்தானோடு இவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் சேலைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டே கண்ணாடியில் பார்த்தேன். வழக்கமாக அந்த நேரம் அறையை விட்டுப் போய்விடுவேன். இன்று கொசுவம் பாதியில் நின்றதால் போக முடியவில்லை. ஊசியைக் குத்திவிட்டு வந்து, முன்னால் முழங்காலில் இருந்து அந்தப் பொத்தானைப் போட்டேன்.

இவர் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"போன கோடை தொடக்கம். தோட்டத்திலை தண்ணி விடேக்கை குழாய் ஆடினது."

"ஏன் கேக்கேல்லை?"

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

மற்றக் கையை நீட்டினார். அந்தப் பொத்தானையும் போட்டேன்.

"சொன்னால் நீ உன்ரை வேலையெல்லாத்தையும் விட்டிட்டு என்னைப் பாத்துக்கொண்டு இருப்பாய். இப்பத்தான் உனக்கொரு நல்ல பாத்திரம் வந்திருக்கு. உதுக்குள்ளை என்னையும் வரச் சொல்லினம். இந்தக் கையைக் கமராவிலை காட்டி, உன்ரை படத்தையும் பழுதாக்கச் சொல்லுறியோ?"

அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதர் வெட்கத்தில் மறுக்கிறார் என்று நினைத்து, இரண்டு வாரமாக நான் உப்பில்லாமல் சமைத்திருக்கிறேன்.

"உனக்கு அது கட்டாயம் வேணுமோ?" என்று கேட்டார்.

பெருந்தன்மையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "ஓம், வேணும். இந்த நாட்டிலை கால் வச்ச நாள் தொடக்கம் வேணும்" என்று சொல்லி அழுதுவிட்டேன். யாரும் குறிப்பு வாசிக்காமலே.

கல்யாணத்துக்குப் பிந்திப் போனோம். சாப்பாடு நல்லம். கத்தரிக்காய் மட்டும் எண்ணெய் கூட.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் இவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, "அந்தப் படக்கதையைத் தா, வாசிச்சுப் பாப்பம்" என்றார். அடைப்புக்குறிகளையும் சேர்த்து முழுவதையும் வாசித்தார். இரண்டு நிபந்தனை போட்டார். கையைப் பற்றி அங்கே யாரிடமும் சொல்லக்கூடாது. கமராவில் அது தெரியக்கூடாது.

"மறைக்கிறதை என்னட்டை விடுங்கோ. கைக்கு வேலை கண்டுபிடிக்கிறதுதானே என்ரை பிழைப்பு" என்றேன். நானும் ஒரு நிபந்தனை போட்டேன். முதலில் டொக்டர்.

மார்ச் 27, வியாழன்

டொக்டர் சின்னப் பெண், பொறுமையாகப் பேசினாள். விரல்களைத் தட்டச் சொன்னாள், நடக்கச் சொன்னாள், ஒரு வரி எழுதச் சொன்னாள். பெரிய டொக்டரிடம் அனுப்புகிறாள். அவளுக்குத் தெரிந்தவரை தொடக்கம்தான், மாத்திரை இருக்கிறது, பல வருஷம் நன்றாக இருக்கலாம் என்றாள். நோயின் பெயரையும் சொன்னாள். அதை இன்றைக்கு எழுத மனமில்லை.

வெளியே வந்து இவர் கேட்டது: "படத்திலை நடிக்கப் போகலாமோ எண்டு கேட்டனியோ?" கேட்டேன். போகலாமாம். நல்லதாம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது ஆரணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும் அம்மா" என்றாள். இந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. பொங்கினேன். கைவிசேஷமாக இவர் புதுக் காசு தந்தார். பெரிய டொக்டரும் அதையேதான் சொன்னார், மாத்திரை தொடங்கியாயிற்று.

பின்னேரம் முழுக்க ஒத்திகை. காட்சி காட்சியாக எடுத்து இவர் கைக்கு வேலை கொடுத்தேன். வரவேற்பு மேசையில் நிற்கும்போது சாவிக்கொத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். சாப்பாட்டு அறையில் பத்திரிகை, மேசையில் விரித்து வைத்து. மாடிப்படியில் கைப்பிடி. வெளியே போனால் கோட்டுப் பைக்குள் கை. இவர் ஒவ்வொன்றையும் தபால் பிரிப்பது போலக் கவனமாக மனதில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு நல்ல மூளை, தவம்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை இன்றுதான் சொல்கிறார். திகதியைக் குறித்துக்கொள்கிறேன்.

மே 6, செவ்வாய்

ஃபோக்ஸ்டன். கடற்பறவைகள் ஆளை விழுங்குகிற அளவில் இருக்கின்றன. எங்கள் அறைக் கதவில் இரண்டு பெயரையும் ஒட்டியிருக்கிறார்கள், பிழையில்லாமல்.

இவருக்கு முகப்பூச்சுப் போட்டார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "செத்த வீட்டிலை படுக்க வைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். பூச்சுப் போட்ட பெண் என்ன சொன்னார் என்று கேட்டாள். மிகவும் பிடித்திருக்கிறதாம் என்று சொன்னேன்.

மே 8, வியாழன்

சாவிக்கொத்து வேலை செய்தது. பத்திரிகை வேலை செய்தது. ஃபிரெயா இவரைப் பார்த்து, "ஒரு சின்ன அசைவுகூட வீணாக இல்லை, எப்படி இப்படி நடிக்கிறார்?" என்று வியந்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று வாய்வரை வந்தது, விழுங்கினேன்.

எனக்கும் நன்றாகப் போகிறது. சொல்லப்போனால் இவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததே இல்லை. மத்தியானச் சாப்பாட்டில் மீன் பொரியலும் உருளைக்கிழங்கும். இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

மே 14, புதன்

இன்று படத்தின் கடைசிக் காட்சி. விடுதியை விற்றுவிட்டு இருவரும் புறப்படுகிற நாள். கடலைப் பார்த்தபடி ஒரு நீளமான மர வாங்கிலில் இருக்கிறார்கள். படம் முழுக்கப் பேசாத மனிதர் இப்போது மனைவியிடம் ஒரே ஒரு வசனம் சொல்கிறார்: "நல்லாத்தான் நடத்தினாய், பூரணம்." அவ்வளவுதான் காட்சி.

இவருக்குக் கையில் பத்திரிகை கொடுத்து வைத்திருந்தேன். ஃபிரெயா வந்து பார்த்துவிட்டு, "பத்திரிகை வேண்டாம். கோட்டையும் கழற்றிவிடுங்கள். இன்றைக்கு அவர் கையில் ஒன்றுமே இருக்கக்கூடாது. எல்லாம் முடிந்துவிட்டதுதானே" என்றாள்.

அவள் சொன்னது சரி. நான் இயக்கியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதனால் பத்திரிகையை நானே வாங்கி மடித்தேன். இவர் என்னைப் பார்த்தார். கோட்டைக் கழற்றிக் கொடுத்தார்.

முதல் தடவை கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார். வசனம் வரவில்லை. "குளிருகிறதா அவருக்கு?" என்று ஃபிரெயா கேட்டாள். அடுத்த தடவை இரண்டு கையையும் கோத்துக்கொண்டார். இரண்டும் சேர்ந்து ஆடின, வசனம் வரவில்லை. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கமராக்காரர் வானத்தையும் ஃபிரெயாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்று, போதும் என்று நானே எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த மனிதரை இன்னொரு தடவை இதற்குள் தள்ள வேண்டும். இவருக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் என் பாத்திரம், என் பெயர் எல்லாம் மறந்துபோயிற்று.

"இஞ்சேருங்கோ, வேண்டாமெண்டால் விடுவம். வீட்டை போவம்" என்றேன் மெல்ல.

"இரு" என்றார்.

மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை இவர் கையை மறைக்கவில்லை. வலக்கையை முழங்கால்மேல் விரித்து வைத்தார், எல்லாரும் பார்க்கும்படி. அது தன்பாட்டுக்கு ஆடியது. இவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் குழப்படியைப் பார்ப்பது போல. நான் வசனத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

பிறகு இவர், அந்த விலாசம் வாசிக்கிற குரலில், கடலைப் பார்த்தபடி, அச்சடித்தது போன்ற தமிழில் சொன்னார்:

"அவள் அவருடைய கையைப் பிடிக்கிறாள்."

கதையில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. எனக்குக் கடைசிப் பக்கம் மனப்பாடம்.

எத்தனையோ பெண்களின் கைக்கு வேலை கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான். அந்த நேரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சொன்னதைச் செய்தேன். பிடித்தேன். என் கைக்குள்ளும் அது ஆடியது, பிறகு என் கையும் சேர்ந்து ஆடியது. கொஞ்சம் பொறுத்து இவருக்கு வசனம் நினைவு வந்தது.

"நல்லாத்தான் நடத்தினாய், தவம்" என்றார்.

ஃபிரெயா நிறுத்தச் சொல்ல நெடுநேரம் எடுத்தாள். கிட்ட வந்து எங்கள் இருவரின் கையையும் பார்த்தாள். இன்னொரு தடவை எடுப்போமா என்று கமராக்காரர் கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அறைக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். "என்ரை வாழ்க்கையிலை முதல்முதலாய் ஒரு தமிழ்ப் பெயர் கிடைச்சது. பூரணம் எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லையோ?"

"தவமும் தமிழ்ப் பெயர்தானே" என்றார்.

அதற்கு மேல் சண்டை நீளவில்லை.

மே 15, வியாழன்

வீடு வந்தோம். பின்னால் செடியெல்லாம் வாடிக் கிடக்கிறது. தண்ணீர் விட்டார். குழாய் ஆடியது, ஆனாலும் எல்லாச் செடிக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒக்டோபர் 2, வியாழன்

ஹிலரி ஈமெயில் போட்டிருந்தாள். பயந்துகொண்டு திறந்தேன். வேலை இல்லை என்ற செய்தி இல்லை, படத்தின் அடியில் ஆங்கிலத்தில் எழுத்துப் போடுகிறவர்களின் கேள்வியை அனுப்பியிருக்கிறாள். கடைசிக் காட்சியில் கணவர் கதையில் இல்லாத ஏதோ ஒன்றைத் தமிழில் சொல்கிறார், அது என்ன? பிறகு மனைவியை வேறு பெயரால் கூப்பிடுகிறார், அது என்ன?

இவரிடம் கேட்டேன். மாத்திரை வேலை செய்கிறது, இப்போது தாள் அவ்வளவு சரசரப்பதில்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு யோசித்தார்.

"முதல் சொன்னதுக்கு ஒண்டும் போட வேண்டாமெண்டு எழுது. அது உனக்குச் சொன்னது. படம் பாக்கிறவைக்கில்லை."

"மற்றதுக்கு?"

"மற்றதைப் பிழையில்லாமல் போடச் சொல்லு. முந்தியொருக்கால் பேப்பரிலை பிழையாய்ப் போட்டவங்கள்."

அதை இவர் நினைவில் வைத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அப்படியே எழுதி, என் பெயரின் ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் இடைவெளி விட்டுத் தட்டி அனுப்பினேன்.

வெளியே வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. தேத்தண்ணி போட்டேன். இவருக்கு அரைக் கப், எனக்கும் அரைக் கப். முடிந்ததும் எழும்பிப் போய் இன்னொரு அரைக் கப் ஊற்றிக்கொண்டு வந்தோம்.